மெமோ இல்லாமல் பழி வாங்கக் கூடாது

"நிறுத்து! மெமோ குடுத்தியா நீ?"

கேள்வி டி.வி.க்குள் இருக்கும் பெண்ணுக்கு. கேட்பவர் ஜம்புலிங்கம். மாலை ஆறே முக்கால் ஆனால் சேக்காட்டில் எங்கள் தெருவில் இந்தக் குரல் கேட்டே தீரும். டி.வி.க்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் பரீட்சை அட்டை, அட்டையில் கோடு போட்ட தாள், காதில் பேனா என்று தயாராக உட்கார்ந்துவிடுவார். மற்ற நேரங்களில் வீட்டுக்குள் பனியனோடு திரிகிறவர், சீரியலுக்கு மட்டும் சட்டை போட்டுக்கொள்வார். விசாரணை என்றால் சட்டை வேண்டும் என்பது அவர் கட்சி.

டி.வி.க்குள் இருந்த பெண் மதுரவாணி. 'மறக்கமாட்டாள் மதுரவாணி' தொடரின் கதாநாயகி. எழுநூற்றுச் சொச்சம் நாட்களுக்கு முன்னால் அவளுடைய ஓரகத்தி சுகந்தா, கோயில் நகையைத் திருடினாள் என்று பொய்ப்பழி போட்டு, ஏழு மாதக் கர்ப்பிணியைக் கொட்டுகிற மழையில் வீட்டை விட்டுத் துரத்தினாள். அந்த மதுரவாணி இப்போது முடியைக் குட்டையாக வெட்டி, ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள். கண்ணாடி போட்டுவிட்டதால் கட்டின புருஷனுக்கே அடையாளம் தெரியவில்லை. வந்தவள் அந்த வீட்டையே ஏலத்தில் எடுத்து, அதே வாசற்படியிலிருந்து சுகந்தாவை இறக்கிவிடுகிறாள். மழைக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

தெருவிலுள்ள மற்ற வீடுகளில் அந்த நேரம் கைதட்டல். ஜம்புலிங்கம் மட்டும் குனிந்து எழுதினார்: "குற்றச்சாட்டு தெரிவிக்கப்படவில்லை. விளக்கம் கோரப்படவில்லை. தண்டனை செல்லாது." கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. ஒல்லியான ஆள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டும் டர்னராக முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டால் டர்னர் என்று சொல்லமாட்டார். "என்கொயரி ஆளு" என்பார். கம்பெனியில் ஒரு தொழிலாளி மேல் புகார் வந்தால் நிர்வாகம் அவனுக்கு மெமோ கொடுக்கும். அவன் விளக்கம் எழுதித் தர வேண்டும். பிறகு ஒரு அறையில் விசாரணை. அப்போது அவன் பக்கத்தில் துணைக்கு ஒரு சக தொழிலாளி உட்கார்ந்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அந்தத் துணை நாற்காலியில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவர் ஜம்புலிங்கம். அவர் கேட்ட ஒற்றைக் கேள்வியில் வேலை தப்பியவர்கள் ஆவடியிலும் பட்டாபிராமிலும் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவரைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறவன். வந்த புதிதில் ஒரு நாள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து தூங்கிப்போனேன். தொட்டி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். மறுநாள் காலை கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. "மேற்படி செயலுக்கு ஏன் தங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று தினங்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்." வேடிக்கையாக இருக்கிறதே என்று நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "விளக்கம் திருப்தி. எச்சரிக்கையுடன் விடுவிக்கப்படுகிறார்" என்று அதன் கீழேயே கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். பால்காரருக்கும் கேபிள்காரருக்கும் இதே மரியாதைதான். கேபிள்காரர் விளக்கம் தராமல் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனது தனிக் கதை.

பழிவாங்குவதே தப்பு என்று சொல்கிற சாது என்று அவரை நினைத்துவிடாதீர்கள். "வாங்கலாம். தாராளமா வாங்கலாம். உப்பு போட்டு சோறு துன்றவன் வாங்கணும். ஆனா மொறையா வாங்கணும்" என்பதுதான் அவர் சித்தாந்தம். முறை என்னவென்றால், தப்பு செய்தவளிடம் முதலில் அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவள் பக்கத்தைக் கேட்க வேண்டும். அப்புறம் தப்புக்குத் தக்க தண்டனை. பாயசத்தில் உப்பைக் கொட்டியவளுக்கு அவள் பாயசத்தில் உப்பு, அத்தோடு சரி. அதற்காக அவள் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பினால் ஜம்புலிங்கம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எதிர் வீட்டு ராதிகா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து தினமும் இவரோடு மல்லுக்கு நிற்பாள்.

"மாமா, அவளுக்குப் போலீசு வந்துச்சா, கோர்ட்டு வந்துச்சா? கட்டினவனே வாயைத் தொறக்கல. இவளே திருப்பிக் குடுக்காம வேற யாரு குடுப்பா?"

"குடுக்கட்டும். வேணாம்னா சொன்னேன்? சுகந்தாவ கூப்ட்டு குந்த வெச்சி, 'இன்ன தேதில இன்ன தப்பு பண்ணிக்கீறே, இன்னா சொல்றே'ன்னு ஒரு வார்த்த கேட்டாளா? அவ பக்கத்துல இன்னா ஞாயம் கீதோ?"

"சுகந்தா பக்கத்துலயா? ஞாயமா? போ மாமா!"

அநியாயத்துக்கு ஆளானவள் திருப்பி அடித்தால் தப்பா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ராதிகா சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. என்ன, சீரியலில் அடிபட்டவர்களுக்குப் பழிவாங்குவது ஒரு உத்தியோகமாகவே ஆகிவிடுகிறது. திங்கள் முதல் சனி வரை வேலை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இடையில் எண்ணெய் விளம்பரம் வந்தால் கோபத்தை அப்படியே நிறுத்திவைத்துக்கொள்வார்கள். நிஜ மனிதர்களுக்கு அவ்வளவு வசதி கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜம்புலிங்கத்துக்கு இருந்தது.

அவருக்கும் ஒரு சுகந்தா உண்டு. பெயர் தேவராஜ். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் வீடு. இருவரும் ஒரே கம்பெனி, பக்கத்துப் பக்கத்து லேத். இருபது வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் தேவராஜின் மகள் பவித்ராவுக்கு டெங்கு வந்தது. பதிமூன்று வயசுப் பெண். ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "நீ போய் புள்ளயப் பாரு, உன் ஷிப்ட நான் பாத்துக்கறேன்" என்று ஜம்புலிங்கம் தேவராஜை அனுப்பிவிட்டு, காலை ஆறு மணி ஷிப்டை அவருக்காகப் பார்த்தார். இரண்டு மணிக்குத் தன்னுடைய ஷிப்டையும் தொடர்ந்து பார்த்தார். நாலு மணிக்கு லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து நின்றார். அதே நேரம் பார்த்து, நண்பனுக்குப் பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து தேவராஜும் வந்து நின்றார்.

வேலை நேரத்தில் தூங்கியதாக மெமோ வந்தது. விசாரணையில் நிர்வாகத்தின் சாட்சி தேவராஜ். "ஜம்புலிங்கம் தூங்கினாரா?" என்று கேட்டார்கள். தேவராஜ், "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான். ஜம்புலிங்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பதினெட்டு வருஷமாகத் தன் பக்கத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவனுக்கும் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், "இன்னா ஆனாலும் எழுந்து போவாதே. எழுந்து போனா கேஸ் போச்சி" என்பதுதான். அவருக்கே வந்தபோது அவரே எழுந்து போனார். விசாரணை அவர் இல்லாமலே முடிந்தது. நாலு நாள் சஸ்பென்ஷன், வரவிருந்த சார்ஜ்மேன் என்ற மேற்பார்வைப் பதவியும் ரத்து. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தத் தொழிலாளியும் துணைக்கு உட்கார அவரைக் கூப்பிடவில்லை. சொந்த விசாரணையிலேயே ஓடிப்போன ஆளை யார் கூப்பிடுவார்கள்? கடைசிப் பத்து வருஷம் அந்த விசாரணை அறைக் கதவை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே வேலை பார்த்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

உடனே அடுத்த வாக்கியத்தில் அந்தப் பரிதாபத்தை அவரே கெடுத்துவிடுவார். "அவுங்க அப்பா எங்க நெலத்துல ஏர் ஓட்டினவரு. அந்த ஊட்டுப் புள்ள எனக்கு எதிரா சாட்சிக் கூண்டுல..." என்று ஆரம்பிப்பார். அந்த நிலம் பிளாட்டாகி, வீடாகி, மாடியாகி முப்பது வருஷம் ஆகிறது. அதில் ஒரு மூலையில்தான் நான் குடியிருக்கிறேன். நிலம் போனாலும் அந்த நினைப்பு மட்டும் பட்டா மாறாமல் இவர் பெயரிலேயே இருக்கிறது. தேவராஜுடைய குற்றம் சாட்சி சொன்னதா, ஏர் ஓட்டினவர் மகன் சாட்சி சொன்னதா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். எனக்கு அடுத்த மெமோ வந்தது.

சரி, பழி எப்போது வாங்கினார் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால், மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்திலும், அப்பாவோடு வேலை பார்த்தவர்களிடமும் வந்து விசாரிப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் யாரைப் பற்றியும் தப்பாகப் பேசுவதில்லை. பேசவே வேண்டாம். "நல்ல மனுஷங்கதான்" என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டால் போதும். "எதுக்கும் இன்னும் நாலு இடத்துல கேட்டுக்கோங்க" என்றால் கதை முடிந்தது. பவித்ராவைக் கேட்டுப் போரூரிலிருந்து வந்தவர்களை ஜம்புலிங்கம் மரியாதையாக உட்கார வைத்தார். மோர் கொடுத்தார். அவர்கள் கேட்டதை முழுக்கக் கேட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்க" என்றார். போரூர்க்காரர்கள் மோரைக் குடித்துவிட்டு, தேவராஜ் வீட்டுக்குப் போகாமலே பஸ் ஏறினார்கள்.

மாடிப்படியில் நின்ற என்னிடம் அன்றைக்கு அவர் சொன்னது: "ஒரு பொய் சொன்னேனா? நீயே சாட்சி."

சாட்சிதான். பவித்ரா அதற்குள் பிசியோதெரபி படித்து முடித்து, பூந்தமல்லியில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அதன் பிறகு இரண்டு வருஷம் வேறு வரன் அமையவில்லை. அவளுக்கு இப்போது இருபத்தேழு.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜம்புலிங்கத்துக்கு ஒரு போன் வந்தது. நசரத்பேட்டையிலிருந்து பேசினார்கள். பவித்ராவை உதயகுமார் என்ற பையனுக்குப் பார்க்கிறார்களாம். நீங்கள் தேவராஜோடு வேலை பார்த்தவராமே, சாயந்தரம் வரலாமா என்று கேட்டார்கள். "வாங்க, வாங்க" என்று இவர் சொன்ன தோரணையே எனக்குச் சரியாகப் படவில்லை. போனை வைத்துவிட்டு இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினார். ஒரு பாட்டைச் சீட்டியடித்தார். அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் மனைவி தாட்சாயிணி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னா சொல்லப் போறீங்க?"

"உண்மைய. கூட வேல செய்றவன காட்டிக் குடுக்கற குடும்பம்னு. இந்த தபா வாயத் தொறந்தே சொல்லப் போறேன்."

"போரூர்க்காரங்க வந்தப்ப அந்தாளுக்கு மெமோ குடுத்தீங்களா?"

ஜம்புலிங்கம் ஆணியில் தொங்கிய சட்டையின் காலரை நீவினார். தாட்சாயிணிக்குக் கோபம் வந்தால் புருஷனுக்குக் கொடுக்கிற மரியாதை முதலில் போகும்.

"டெய்லி அந்த மதுரவாணிக்குச் செல்லாது, செல்லாதுன்னு எய்திகினு கீறியே, உனக்கு எவன்யா எய்துவான்? அவளாவது தப்பு பண்ணவளத்தான் வெளிய தள்றா. நீ எவனோ பண்ணதுக்கு எவளத் தள்ற? அந்தப் பொண்ணு உனக்கு இன்னா பண்ணிச்சி? என் தோள்பட்ட தூக்க வராம கெடந்தப்ப இருபது நாளு வந்து கைய நீவி சரி பண்ணிட்டுப் போச்சி. பின்வாசல் வழியா. நீ கடைக்குப் போற நேரமாப் பாத்து. எதுக்கு? மாமா பாத்தா கஷ்டப்படுவாருன்னு."

"இத்த எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே. நீதான் எழுந்து போற ஆளாச்சே."

அதற்குப் பிறகு சீட்டி இல்லை. கூடத்திலிருந்து சமையற்கட்டுக்கும், சமையற்கட்டிலிருந்து கூடத்துக்குமாக நடந்தார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நாலு மணிக்கு மாடியேறி வந்து என்னிடம், "சாயந்தரம் கீய வா. ஒரு பொது ஆளு இருக்கணும்" என்றார். எந்தப் பக்கத்துக்குச் சாட்சி என்று நான் கேட்கவில்லை.

ஆறே முக்காலுக்கு ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா சாமுண்டீஸ்வரியும் அவர் தம்பி வரதனும் இறங்கினார்கள். அந்த அம்மாள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டையும் எங்களையும் ஒரு முறை அளந்தார். வரதன் மெலிந்த, பொறுமையான மனிதர். டி.வி.யில் சுகந்தா மழையில் நனைந்துகொண்டிருந்தாள். தாட்சாயிணி அதன் சத்தத்தை நிறுத்தினார்.

"பெரியவங்க நீங்க. உள்ளது உள்ளபடி சொல்லணும்" என்றார் வரதன். "ஒரு பொண்ணு வாழ்க்கை, ஒரு பையன் வாழ்க்கை."

ஜம்புலிங்கம் தொண்டையைக் கனைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். எனக்குப் போரூர்க்காரர்கள் ஞாபகம் வந்தது. சமையற்கட்டு வாசலில் தாட்சாயிணி இடுப்பில் கைவைத்து நின்றார். அந்தப் பார்வையை அரை நிமிஷத்துக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு பிராது கீதுங்க. ஆனா எதிர்த் தரப்ப கேக்காம சொல்றது மொறையில்ல" என்று போனை எடுத்தார். எடுத்த பிறகுதான் நம்பர் தன்னிடம் இல்லை என்பது ஞாபகம் வந்தது. தாட்சாயிணி தன் போனைப் பார்க்காமல், மனப்பாடமாகப் பத்து இலக்கங்களையும் சொன்னார். இவர் ஒரு முறை அவரை முறைத்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை டீப்பாய் மேல் வைத்தார்.

"அலோ, யாருங்க?"

"ஜம்புலிங்கம்."

மறுமுனையில் ஒரு குக்கர் விசில் மட்டும் கேட்டது. அது அடங்கியது.

"சொல்லுங்கண்ணா."

"ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன். நசரத்பேட்டலேர்ந்து மாப்ள ஊட்டுக்காரங்க வந்துகீறாங்க. எல்லாம் கேட்டுகினு கீறாங்க. உம்மேல நான் ஒரு பிராது சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி உன் வெளக்கத்த கேக்கணும். பதினாலு வருசத்துக்கு முன்னாடி, என்கொயரில, நான் மெஷினாண்ட தூங்கினேன்னு சாட்சி சொன்னியா இல்லியா?"

"சொன்னேண்ணா."

"உன் புள்ளைக்காக டபுள் ஷிப்ட் பாத்தவன காட்டிக் குடுத்தியா இல்லியா?"

"தூங்கினீங்களா, இல்லியான்னு கேட்டாங்க. நான் கண்ணால பாத்தேன். இல்லேன்னு எப்டிண்ணா சொல்றது?"

ஜம்புலிங்கம் சோபாப் பக்கம் திரும்பினார். முகத்தில் பழைய நாற்காலியின் களை வந்திருந்தது. "கேட்டுக்கினீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கினான்."

சாமுண்டீஸ்வரி தம்பியைப் பார்த்தார். வரதன் முன்னால் சாய்ந்து போனை நோக்கிக் கேட்டார்: "ஏங்க, அவரு ஏன் தூங்கினாருன்னு நீங்க அங்க சொல்லலியா?"

ஒரே ஒரு கேள்வி. ஜம்புலிங்கம் மற்றவர்களுக்காகப் பதினெட்டு வருஷம் கேட்ட வகைக் கேள்வி. நசரத்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்த மனிதருக்கு, விஷயத்தைக் கேட்ட இரண்டாவது நிமிஷத்தில் அது தோன்றிவிட்டது.

"அத்த சொல்லத்தாங்க போனேன்" என்றார் தேவராஜ். "எம் பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்திச்சி, எனக்காக ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்தாருன்னு வாயெடுத்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னுட்டாங்க. மத்தத அண்ணன் குறுக்கு விசாரணைல கேப்பாரு, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஷிப்ட் மாத்திக்கினது தெரிஞ்சா எனக்கும் மெமோ வரும். வந்தா வரட்டும்னுதாங்க குந்திகினு இருந்தேன். அண்ணன் எழுந்து போய்ட்டாரு."

"அப்பால ஏன்டா சொல்லல?" ஜம்புலிங்கம் போன் மேல் குனிந்தார்.

"மூணு தபா ஊட்டாண்ட வந்தேண்ணா. கதவ சாத்திக்கினீங்க. அண்ணிக்குத் தெரியும்."

ஜம்புலிங்கம் சமையற்கட்டுப் பக்கம் திரும்பவில்லை.

சாமுண்டீஸ்வரி கைப்பையின் வாரைத் தோளில் மாட்டினார். "நாம கேட்டுக்கிட்டு இருக்கோம்னு தெரிஞ்சே, ஆமா சாட்சி சொன்னேங்கறாரு. பொண்ணு விஷயம்னு ஒரு வார்த்தையைக்கூட மாத்தல. இதுக்கு மேல இன்னா விசாரிக்கறது? எந்திரி வரதா, நேரா அவங்க வீட்டுக்கே போயிடலாம்." எழுந்துகொண்டே ஜம்புலிங்கத்தைக் கும்பிட்டார். "நீங்க பண்ண மாதிரி யாருங்க பண்ணுவாங்க? முதுகுக்குப் பின்னால பேசாம, அவரையே கூப்பிட்டுக் கேக்க வெச்சீங்க. பெரிய மனசு."

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்ட முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பதினாலு வருஷமாக ஊறப்போட்ட பழி நற்சான்றிதழாக மாறி எதிரி வீட்டுக்குக் கார் ஏறப் போகிறது. அவரை யாரோ அறைந்திருந்தால்கூட இன்னும் கொஞ்சம் கௌரவமாக நின்றிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். டீப்பாய் மேல் போன் இன்னும் துண்டிக்கப்படாமலே கிடந்தது.

"அண்ணா, லைன்ல கீறீங்களா?"

ஜம்புலிங்கம் போனையே பார்த்தார்.

"அவுங்க வெளிய போய்ட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, தேவராஜ் குரலைத் தாழ்த்தினார். அதில் கோபம் இல்லை. ஒரு யோசனை சொல்கிறவர் மாதிரி இருந்தது. "போரூர்க்காரங்க வந்தப்பவும் இதே மாதிரி ஒரு போன் போட்டிருக்கலாம்ணா."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. தாட்சாயிணி உள்ளே போய்விட்டார். வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜம்புலிங்கம் சட்டென்று திரும்பி, செருப்பைக்கூடத் தேடாமல் வாசலுக்கு ஓடினார்.

"இருங்க, இருங்க! அந்தப் பக்கம் பைப் போடத் தோண்டிக்கீறாங்க. கார் எறங்கிடும்."

காருக்கு முன்னால் தெருமுனை வரை வேகமாக நடந்தார். பள்ளத்தின் ஓரத்தில் நின்று, நேராகப் போக வேண்டாம் என்று தலையை ஆட்டி, தேவராஜ் வீடு இருக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பச் சொல்லி வலது கையை நீட்டினார். வரதன் கண்ணாடியை இறக்கி நன்றி சொன்னார். கார் வளைந்து போயிற்று. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர், தனக்கும்தான் வழி காட்டுகிறார் என்று நினைத்து அதே பக்கம் திரும்பினார். அதற்குப் பின்னால் ஒரு தண்ணி லாரியும் திரும்பியது. ஜம்புலிங்கம் கையை இறக்கவில்லை.